சக்கரத்தில் சேறு இல்லாத கார்

அன்புள்ள சிஹோவுக்கு,

அப்பாவும் நானும் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கிறோம், அங்கே சப்போரோவில் நீயும் பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்பில் நீ ஒருமுறை கேட்டாய், "டிவியில மழைக்கு ஒரு கோடு போட்டுக் காட்டுறாங்களே, அது ஏம்மா நகரவே மாட்டேங்குது?" என்று. வடக்கின் குளிர்காற்றும் தெற்கின் ஈரமான வெப்பக்காற்றும் சுமோ வீரர்கள்போலக் கட்டிப்பிடித்து நிற்கின்றன, இருவரும் நகராததால் வேர்வையெல்லாம் ஒரே இடத்தில் சொட்டுகிறது என்றேன். "அப்போ யாராச்சும் ஜெயிச்சாத்தான் வெயிலா?" என்றாய். அதேதான்.

இந்த வருடம் தெற்கு ஜெயித்துவிட்டது, மழைக்காலம் முடிந்ததாகத் தெரிகிறது என்று ஜூலை ஒன்பதாம் தேதி அறிவித்தார்கள். நானும் ஊறுகாய்க்காக உப்பில் ஊறிய உமே பிளம் காய்களை மூங்கில் தட்டுகளில் பரப்பி வெயிலில் வைத்தேன். மூன்றாம் நாள் அந்தக் கோடு திரும்பி வந்து நம் பள்ளத்தாக்கின்மேல் படுத்துக்கொண்டது. கடலிலிருந்து ஈரக்காற்று அதற்குள் நுழைந்துகொண்டே இருந்தது, ஒரு மேகம் கொட்டிவிட்டு நகர்வதற்குள் பின்னாலேயே அடுத்தது எழுந்தது. எச்சரிக்கை என்று போன் அலறிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் பக்கத்து வீட்டுக் குரானாகா இன்னும் வரவில்லையே என்று அப்பா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், நானும்தான். கரையோர வீட்டிலிருந்து ஆற்றுப்படிகள் தெரிவது குரானாகாவுக்கு மட்டும்தானே, பேட்டைத் தலைவரும் அவர்தான். "மூணாம் படியைத் தண்ணி தொட்டா நானே ஓடி வந்து கதவைத் தட்டுறேன் டீச்சர், முட்டி வலிக்காரரை முதுகுல தூக்கிக்கிட்டுப் போறேன்" என்று வருடாவருடம் சொல்லிச் சிரிப்பாரே. மத்தியானம் மூன்று மணிக்குத் தரையில் பதித்த தாதாமிப் பாய் மிதந்தது. அப்பாவை ஒவ்வொரு படியாக இழுத்து மாடிக்கு ஏற்றினேன். மறுநாள் காலை தீயணைப்புப் படகு எங்களை மேட்டுக் கோயிலில் இறக்கியபோது அங்கே குரானாகாவின் வெள்ளைக் கார் நின்றது. சக்கரத்தில்கூடச் சேறு இல்லை. "நேத்து மத்தியானம் பன்னண்டு மணிக்கே கொண்டாந்து விட்டுட்டாரே" என்றாள் பூசாரியின் மனைவி. மேட்டுக்குப் போக நம் வாசலைத் தாண்டித்தான் பாதை, சிஹோ. நாற்பது வருடம் அடுத்தடுத்து இருந்தோம்.

நேற்று குரானாகா ஒரு தர்பூசணியோடு வந்தார். "ஞாயித்துக்கிழமைப் பேட்டைக் கூட்டத்துல நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். அறிவியல் டீச்சர் சொன்னா யாரும் மறுபேச்சு பேச மாட்டாங்க. மழைதான் நம்ம எல்லாரையும் ஏமாத்திடுச்சுன்னு சொல்லிடுங்க" என்றார். அப்பா பழத்தைத் தட்டிப் பார்த்து, "நனையாம வந்திருக்கே, உங்க கார்லயா வந்துச்சு?" என்றார். குரானாகா குனிந்து வணங்கிவிட்டுப் போய்விட்டார். மழை ஏமாற்றவில்லை. அந்தக் கோடு திரும்பி வரும் என்று முப்பது வருடம் கரும்பலகையில் வரைந்தவள் நான், அறிவிப்பை நம்பிக் காய் பரப்பியது என் தவறு. அதையும் கூட்டத்தில் சொல்வேன், காரைப் பற்றியும் சொல்வேன். இத்தனை வருடம் பழகிய மனிதர், விட்டுவிடு என்கிறார் அப்பா. என்னால் முடியவில்லை.

நீயும் பிள்ளையும் நீண்ட ஆயுளோடு இருங்கள். உங்கள் ஊருக்கு மழைக்காலம் கிடையாது என்பார்கள், அந்தக் கோடு அங்கேயும் ஏறி வரும் நாள் உண்டு. அன்றைக்குக் கார் சாவியைத் தொடும் முன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டு.

உன் அம்மா,
இத்சுயோ