பறங்கிக்கு வராத தேனீக்கள்

மாசி 4, திங்கள்

விடியலில் பனி. ஏழு மணிக்கே வெயில். பறங்கிக் கொடியில் இன்று ஒன்பது பெண் பூ. தேனீ ஒன்றுகூட இல்லை. போன வாரம் பூத்தவற்றின் பிஞ்செல்லாம் மஞ்சளாகிவிட்டது. தொட்டால் உதிர்கிறது.

ஆண் பூவை ஒடித்து நானே இரண்டு பெண் பூவில் தடவியிருந்தேன். அந்த இரண்டும் பிடித்துவிட்டன. ஆக, கொடியில் குறையில்லை. ஆனால் அரை ஏக்கருக்கும் குனிய முதுகு இடம் தராது.

மனைவி சுமதியோடு பேசி முடிவானது: இந்தப் பட்டமும் காய்க்காவிட்டால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுச் சென்னைக்கு, மகள் வீட்டுக்கு. எடுத்துக்கொள்ள ஆள் தயார். ஏகாம்பரம். பெரியப்பா மகன், பக்கத்து வயல். மாதக் கடைசி வெள்ளி பதில் கேட்க வருகிறான். அவனிடமா போகவேண்டும்!

இன்று செய்தவை:
வரப்பு நெடுகத் துளசி, திருநீற்றுப்பச்சிலைக்குத் தண்ணீர். (தேனீயை இழுக்கும் என்று நட்டு மூன்று மாதம்.)
கதிர் கிள்ளியது. செடி புதராகத் தழைத்திருக்கிறது. அழகு.
மோட்டார் ஃப்யூஸ் மாற்றவில்லை.

மாசி 6, புதன்

பூ ஏழு. தேனீ இல்லை.

காரணம் தெரியும். ஏ. (ஏகாம்பரம்தான்) தன் நெல்லுக்கு மருந்தடிக்கிறான். கிணற்றுப் பங்கில் ஏமாற்றியவன். அப்பா செத்ததற்கு நாலாம் நாள் வந்து எட்டிப் பார்த்தவன். கல்லூரியில் என்னைத் தாண்டித் துறைத்தலைவர் ஆனவனும் இதே ரகம். சிரித்துக்கொண்டே செய்வார்கள். இருபத்திரண்டு வருடம் வேதியியல் நடத்தியவனுக்கு விஷம் தெரியாதா?

வேளாண் அலுவலகத்துக்கு மனு எழுதினேன். இரண்டு பக்கம். நல்ல தமிழ். வெள்ளிக்கிழமை உத்திரமேரூர் பஸ்.

மாசி 7, வியாழன்

களையெடுக்க எஸ்தரம்மா வந்தார். ஏ. வயலிலும் வேலை செய்பவர். பேசிக்கொண்டே வரப்பில் நடந்தேன். அவன் மருந்தடித்துத் தேனீயை எல்லாம் கொன்றுவிட்டான் என்றேன்.

“அவரு மருந்தடிச்சி ஒரு மாசத்துக்கு மேல ஆவுது சார். அங்க களைக்கு நான்தானே போறேன்.”

“அப்போ தேனீ எங்கே போச்சு?”

“அவுங்க முருங்கையில மொய்ச்சிக்கினு கீது. போய்ப் பாருங்க.”

தேனீகூட அவன் பக்கம்.

“இங்க இன்னாத்துக்கு வரும்? கையில இன்னா வெச்சிக்கினு கீறீங்க?”

கையில் துளசிக் கதிர். ஒரு பிடி. நடந்தபடியே கிள்ளியிருக்கிறேன்.

“தெனம் பூவெல்லாம் நீங்களே கிள்ளிப் போட்டுட்டு, ஈ வர்ல ஈ வர்லன்னா? எலையத் தின்னவா வரும்? காலேஜில இதான் சொல்லிக் குடுத்தீங்களா சார்?”

சிரித்தார். குனிந்து களை. மறுபடி சிரிப்பு.

வீட்டுத் துளசியில் அம்மா ஒரு கதிர் தங்க விடமாட்டாள். கதிர் முற்றினால் செடி காய்ந்துவிடும் என்பாள். அதே கை எனக்கும். மூன்று மாதம், தினமும், யோசிக்காமல்.

மனுவைக் கிழித்தேன். நல்லவேளை, நாளைதான் வெள்ளி. சு.விடம் சொல்லவில்லை.

மாசி 18, திங்கள்

பதினோரு நாளாகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரப்பில் நடை. எங்கும் கதிர். திருநீற்றுப்பச்சிலையில் வெள்ளைப் பூ.

காலை ஏழரைக்கு முதல் தேனீ. எட்டுக்குள் எண்ண முடியவில்லை. ஒரு பறங்கிப் பூவுக்குள் மட்டும் இரண்டு. மகரந்தத்தில் புரண்டு, உடம்பெல்லாம் மஞ்சளாக வெளியே வந்து, அடுத்த பூவுக்கு.

சு.வைக் கூப்பிட்டேன். கம்போடு ஓடி வந்தாள்.

“இதுக்கா அப்படிக் கத்தினீங்க? பாம்புன்னு நெனச்சிக்கினு வந்தேன்!”

ஆனாலும் பூ மூடும்வரை நின்று பார்த்தாள்.

மாசி 25, திங்கள்

பிஞ்சு பச்சையாகவே நிற்கிறது. பெரியது கைமுட்டி அளவு. உதிர்ந்தவை நான்கு மட்டும்.

சு. காலையில் போய் ஒவ்வொரு பிஞ்சுக்கும் அடியில் வைக்கோல் வைக்கிறாள். நான் சொல்லவில்லை. கேட்கவும் இல்லை. கேட்டால் நின்றுவிடுமோ என்று.

மதியம் சாப்பிட்டதும் இரண்டு மணி நேரம் அடித்துப் போட்ட தூக்கம். எத்தனை நாளாயிற்று.

மாசி 29, வெள்ளி

மேகம். மழை இல்லை. ஏ. வந்தார். நேரே கொடிக்குள் இறங்கி, ஒரு பிஞ்சையும் மிதிக்காமல் கடைசிவரை நடந்துவிட்டு வந்தார்.

“இன்னாடா, முடிவு பண்ணிட்டியா?”

ஒரு வாரமாக ஒத்திகை பார்த்த பதில் என்னிடம் இருந்தது. கிணற்றில் ஆரம்பித்து அப்பா சாவு வரை. வாயைத் திறப்பதற்குள் சு. முந்திக்கொண்டாள்.

“நாங்களே பயிர் வெச்சிக்கிறோம் மாமா. மெட்ராசுக்குப் போவல.”

“கொடியப் பாத்தாலே தெரியுதே,” என்றார். முகத்தில் கோபம் தேடினேன். இல்லை. “எனக்கொண்ணு குடுடா, சாம்பாருக்கு.”

“முத்தட்டும்ண்ணா,” என்றேன்.

அண்ணா. கிணற்றுத் தகராறுக்குப் பின் எட்டு வருடத்தில் முதல் தடவை. தானாக வந்துவிட்டது. அவர் கவனிக்காத மாதிரி சைக்கிளை எடுத்தார்.