புளோரன்சில் நமக்கு யாரும் இல்லை

அலுமாரியின் மேலிருந்து பயணப்பையை இறக்கியபோது உன் நீலச் சால்வை வெளியே விழுந்தது. நீ காலுக்குப் பூசும் நோ எண்ணெயின் மணம் இன்னும் போகவில்லை. பை எனக்கில்லை. கெல்சென்கிர்ச்சனில் இருக்கும் என் மச்சாள் புளோரன்ஸ் போகிறாளாம். அங்கே என்ன பார்க்கலாம் என்று காலையில் போன் எடுத்துக் கேட்டாள்.

நீயும் நானும் அங்கே போனது யூரோ வந்த புதிதில். கொலோனில் ஒரே ஹோட்டலில் அறை துப்புரவு செய்துகொண்டிருந்தோம். உன் சிறுநீரகங்கள் கைவிட்டுக்கொண்டிருந்தன. கோடையில் டயாலிசிஸ், பிறகு கிழமைக்கு மூன்று நாள் இயந்திரத்தோடுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு முன் ஒரு ஊரையாவது பார்க்க வேண்டும் என்றாய்.

எங்கள் சனத்துக்குப் பயணம் என்றால் பாரிசில் கலியாணம், லண்டனில் பிள்ளை பெரியவளானதுக்குச் சாமத்தியவீடு. மண்டபத்துக்கும் குதிரை வண்டிக்கும் கொட்டிக் கொடுப்பார்கள். நாங்கள் இரண்டு பெட்டைகள் ஓவியம் பார்க்கப் போவதுதான் வீண் செலவு. உன் அம்மா கேட்டது ஒரே கேள்வி: "அங்கை எங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்?"

சாவகச்சேரியிலிருந்து வந்த குடும்பம் ஒன்று அங்கே இருக்கிறது என்று கூசாமல் சொன்னாய். தனியே இருக்கும்போது நானும் அதையே கேட்டேன்.

"ஒருத்தரும் இல்லை. அதுதானே போறம்."

ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாதென்று, அந்த இல்லாத குடும்பத்துக்கு அம்மா ஒரு டப்பா நிறையப் பயத்தம் பணியாரம் சுட்டுத் தந்தார்.

ரயிலில் அத்தனை பேர் இருக்க, எல்லையில் பொலிஸ் எங்கள் இருவரிடம்தான் அடையாளக் கடதாசி கேட்டது. எனக்குக் கொதித்தது. நீ கடதாசியோடு டப்பாவையும் திறந்து நீட்டி, "சாப்பிட்டுப் பாருங்கோ" என்று தமிழிலேயே சொன்னாய்.

நான் எல்லாவற்றையும் ஓடி ஓடிப் பார்க்க நினைத்தேன். உனக்குக் கால் வீங்கியிருந்தது. ஒரு நாளைக்கு ஓரிடம் போதும் என்றாய். பெரிய ஓவியக்கூடத்தில் ஒரே அறையில், பிள்ளையை ஏந்திய ஒரு மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டோம். சுற்றி நின்றவர்கள் நிறம், கோணம், நூற்றாண்டு என்று பேசினார்கள். நீ அவளின் கண்ணைப் பார்த்துவிட்டு, பிள்ளை இரவு முழுக்க அழுதிருக்கிறது போல என்றாய். அன்றிலிருந்து எனக்கு ஓவியம் என்றால் பயமில்லை.

பாலத்தடியில் துணி விரித்துக் கைப்பை விற்ற ஆபிரிக்க இளைஞர்கள், பொலிசைக் கண்டதும் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு ஓடினார்கள். திரும்பி வந்து மூச்சு வாங்கியவர்களிடம் டப்பாவை நீட்டினாய். ஒன்றும் மிஞ்சவில்லை.

"அவையளுக்குப் பிடிச்சதோ?" என்று, நாங்கள் வீடு திரும்பியதும் அம்மா வாசலிலேயே கேட்டார்.

"ஓம் அம்மா. நல்லாச் சாப்பிட்டவை."

அடுத்த கிழமை உன்னை இயந்திரத்தில் பூட்டினார்கள். இரண்டு வருடம் தாங்கினாய்.

மச்சாளுக்குச் சொன்னேன்: திங்கட்கிழமை ஓவியக்கூடங்கள் பூட்டு. டிக்கெட்டை முன்கூட்டியே பதிந்து வை. தேவாலயத்துக்குள் தோளை மூடிக்கொண்டு போ. கோப்பியை நின்றபடி குடி, உட்கார்ந்தால் விலை கூட. பொழுதுபட ஆற்றுக்கு அந்தப் பக்க மேட்டில் ஏறு, முழு ஊரும் தெரியும். எல்லாவற்றையும் பார்க்க நினைக்காதே.

நானும் ஒவ்வொரு வருடமும் தெரிந்தவர் ஒருவரும் இல்லாத ஊர் ஒன்றுக்குப் போகிறேன். இப்போதும் ரயிலில் என்னிடம்தான் கடதாசி கேட்கிறார்கள். இப்போதும் கொதிக்கிறது. ஆனால் இறங்கிய பிறகு எனக்கு அவசரமில்லை. என் கால்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. உன்னோடு நடந்த மாதிரியே ஆறுதலாக, மெல்ல நடக்கிறேன்.