கிராணிக்குப் புரியாத அடுப்பு

9.9.1986
மழை. ஈப்போவிலிருந்து என் வீட்டுக்காரரின் அக்கா நாகரத்தினம் அண்ணி கொடுத்துவிட்ட மைக்ரோவேவ் அடுப்பு வந்து சேர்ந்தது. எங்கள் கோலா தெர்லாவுக்குத் திரும்பும் காய்கறி லோரியில், வெறும் கூடைகளுக்கு நடுவே மகாராணி மாதிரி உட்கார்ந்து வந்தது. அண்ணி புதிதாக ஒன்று வாங்கிவிட்டாராம். பழையது தம்பிக்கு.

தம்பிக்கு என்ன, எனக்குத்தான் அது வேண்டும். வருடக் கடைசி விடுமுறையில் ஈப்போவில் ஐந்து வாரம் ஆசிரியர் பயிற்சி. எத்தனை வருடம்தான் தற்காலிக ஆசிரியையாகவே காலம் தள்ளுவது? இந்த ஆண்டை விட்டால் வயது தாண்டிவிடும். இவர் கேட்பது ஒரே கேள்வி: "சோத்துக்கு என்ன பண்றது?" ஆறின சோறு இவர் தொண்டையில் இறங்காது. கேஸ் அடுப்பைத் தொட நான் விடமாட்டேன் — போன வருடம் திரைச்சீலையைக் கொளுத்தியவர். வாரா வாரம் வந்து சமைத்து ஐஸ் பெட்டியில் அடுக்கிவிட்டுப் போவேன். சூடு பண்ணத் தெரிந்தால் போதும்.

10.9.1986
அண்ணி ஆபீஸ் போனில் பாடம் எடுத்தார். உலோகம் கூடாது. காலியாக ஓட்டக் கூடாது. முட்டையை ஓட்டோடு வைக்கக் கூடாது. பின்பக்கத்துக் காற்றுத் துளையை அடைக்கக் கூடாது. வந்து சமையலறை அலமாரியைத் திறந்தால் எல்லாமே எவர்சில்வர், ஒவ்வொன்றிலும் கொடுத்தவர் பெயர். எங்கள் கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேரில் ஒருவருக்காவது கண்ணாடிக் கிண்ணம் தரத் தோன்றியதா? தானா ராத்தா டவுன் வரைக்கும் போய் இரண்டு வாங்கினேன்.

14.9.1986
முதல் பாடம். உலோகம் கூடாது என்றேன். இவர் கடிகாரத்தைக் கழற்றினார். மோதிரத்தைக் கழற்றினார். கொஞ்சம் யோசித்துவிட்டு, கதவைச் சாத்தி, வெள்ளி அரைஞாணையும் அவிழ்த்து மேசைமேல் வைத்தார். ஒரு கையில் கைலியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பொத்தானை அமுக்கினார்.

"அது உள்ள வைக்கிற பாத்திரத்துக்குங்க, உங்க இடுப்புக்கு இல்ல," என்றேன். பக்கத்து வீட்டு கத்தரீன், எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரசர் ராஜநாயகத்தின் மனைவி, சன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள்.

21.9.1986
பூப்போட்ட எனாமல் மங்குக் கிண்ணத்தில் பால் வைத்திருக்கிறார். உள்ளே படபடவென்று தீப்பொறி. ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். "பீங்கான்னு நெனச்சேன்லா!" என்கிறார். எனாமலுக்குள்ளே இரும்புதான் என்று எனக்குமே அப்போதுதான் உறைத்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

28.9.1986
முட்டை. ஓட்டோடு. உள்ளே நாலு பக்கமும் மஞ்சள்.

5.10.1986
இன்றைக்கு ஈரக் காலுறை. மூன்று நாளாக வெயில் இல்லை, காயவில்லையாம். ரப்பர் கருகி வீடெல்லாம் நாற்றம். "துணி உலோகம் இல்லியே?" என்று என்னையே கேட்கிறார். தோட்டத்துக் கணக்கு முழுவதையும் தலைக்குள் வைத்திருக்கும் கிராணி. நான்கு விஷயம் நிற்காதா?

ஒருநாள் வீட்டையே கொளுத்திடுவாரு. இவர இப்படி விட்டுட்டு நான் எப்படிப் போறது? இத்தனை வருசம் காத்திருந்ததெல்லாம் இதுக்குத்தானா — அழுகையா வருது. நாளைக்குத் தலைமையாசிரியர்கிட்ட பயிற்சிக்குப் போகலன்னு சொல்லிடுறேன்.

6.10.1986
சொல்லவில்லை. தலைமையாசிரியருக்கு வெள்ளிக்கிழமைக்குள் முடிவு வேண்டுமாம்.

8.10.1986
கொடியில் காய்ந்த துணி எடுக்கப் போனபோது கத்தரீன் கேட்டாள்: "டீச்சர், ஒங்க வீட்டுக்காரரு அந்த மீன எப்படித்தான் செய்றாரு? சனிக்கெழமையானா எங்க வீட்டுல இவரு சாப்புடுறதே இல்லலா. சீட்டாட உங்க வீட்டுக்கு ஓடிடுறாரு."

சனிக்கிழமை மாலை. நான் டியூஷனுக்குப் போகும் நேரம்.

மெல்ல மெல்லக் கறந்தேன். கண்ணாடிக் கிண்ணத்தில் மீன். ஆவி போக மூடியைக் கொஞ்சம் சரித்து வைப்பாராம். பாதியில் நிறுத்தித் திருப்பிப் போடுவாராம். வெளியே எடுத்தும் சற்று நேரம் தொட விடமாட்டாராம். "மூஞ்சிய கிட்ட வச்சுத் தொறக்காதீங்க டிரசரே, ஆவி அடிச்சிரும்" என்று தீப்புண்ணுக்கு மருந்து போடுகிறவருக்கே புத்திமதி வேறு. கடைசியில் எலுமிச்சம்பழத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, துடைத்து, மீன் வாசனையே தெரியாமல் எடுத்துவிடுவாராம்.

அப்ப முட்டை? காலுறை? நான் அழுதது? எல்லாம் வேணும்னே! படுபாவி மனுசன்.

9.10.1986
சண்டை போடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் சாந்தமாகச் சொன்னேன்: "நீங்க சொன்னதுதாங்க சரி. இந்த மிஷின் நமக்கு ஒத்துவராது. திருப்பி அனுப்பிடலாம். நான் வர்ற வரைக்கும் அண்ணியே இங்க வந்து தங்கி சமைச்சுப் போடுறேன்னு சொல்றாங்க."

அண்ணியிடம் நான் பேசவே இல்லை. அண்ணி இருக்கும் வீட்டில் சீட்டாட்டம் கிடையாது, டிரசர் கிடையாது. ஆறு மணிக்குத் தேவாரம்.

இவர் முகம் வெளுத்தது. எழுந்தார். கண்ணாடிக் கிண்ணத்தில் சோற்றைப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மூடியைச் சரித்து, நடுவில் ஒருமுறை கிளறி, ஆவி பறக்க என் முன்னால் கொண்டுவந்து வைத்தார். அரைஞாண் இடுப்பில்தான் இருந்தது.

"அக்காவெல்லாம் எதுக்குலா?"

"அப்ப அந்த முட்டை?"

தலையைக் குனிந்துகொண்டார். "முட்டையும் காலுறையும் வேணும்னுதான் செஞ்சேன். அந்த மங்கு மட்டும் நெசமாவே தெரியாது." அப்புறம், சோற்றைப் பார்த்துக்கொண்டே, "நீ இல்லாட்டி வேல முடிஞ்சு இந்த வீட்டுக்குள்ள வரவே பிடிக்காது, குணா. அதான்."

கோபம் பாதி இன்னும் இருக்கிறது. மறுபாதியை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

10.10.1986
பயிற்சிக்குப் போகிறேன் என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன்.

23.11.1986
ஈப்போ. என்ன வெயில்! நேற்று வீட்டுக்குப் போயிருந்தேன். போன வாரம் வைத்துவிட்டு வந்த சாம்பார் அப்படியே இருக்கிறது. கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, மீன் என்று தானே எல்லாம் செய்து சாப்பிடுகிறார். ஊரில் பாதி ஆண்கள் எங்கள் வீட்டில்தான்.

4.1.1987
தேறிவிட்டேன். நாளை பள்ளிக்கூடம். இனி என்னைத் தற்காலிகம் என்று யாரும் சொல்ல முடியாது.

இவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு காலை நீட்டினார். "அப்பாடா, டீச்சரம்மா வந்தாச்சு. பசிக்குதுலா, மீன் ஊறவச்சிருக்கேன், நீயே வச்சு எடு."

அடுப்புக்கு முன்னால் போய் நின்றேன். முகத்தை ஒன்றும் தெரியாத மாதிரி வைத்துக்கொண்டேன்.

"என்னங்க, இதுல எந்தப் பொத்தான அமுக்கணும்? எல்லாம் மறந்தே போச்சு."

பெருமூச்சு விட்டார். எழுந்து வந்தார்.

மீன் பதமாக வெந்திருந்தது.