வயிற்றில் காற்று, நெஞ்சில் கோடு

அக்கா,

இன்று கோலா பிலா கிளினிக்கில் நெஞ்சில் குளிர்ந்த பசையைத் தடவி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அந்தக் குளிர் பட்டதுமே உங்கள் ஞாபகம்.

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலம். ஆளுக்கொரு ரப்பர் தோட்டத்திலிருந்து காசநோயோடு வந்து, டவுன் ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தோம். மருந்து கிடையாது, சாப்பாடு மரவள்ளிக்கிழங்கு. டாக்டருக்கு இருந்த ஒரே வழி, வயிற்றுக்குள் ஊசியால் காற்றேற்றுவது. அது மேலே முட்டினால் நுரையீரல் சுருங்கி ஓய்வெடுக்கும், புண் ஆறும் என்றார். முதலில் ஒப்புக்கொண்டது நீங்கள்தான். வயிறு உப்பியதும், "எத்தனை மாசம்னு யாரும் கேக்காதீங்க லா!" என்று வார்டையே சிரிக்க வைத்தீர்கள். இருமலும் குறைந்தது.

ஒருநாள் நெஞ்சு படபடக்கிறது என்றீர்கள். உப்புத்தண்ணீரில் நனைத்த துணியைக் கைகளிலும் காலிலும் சுற்றி, இதயத்தின் மின்துடிப்பைப் படம் எடுத்தார் டாக்டர். காற்றேற்றும் முன் எடுத்த படத்தின் கோட்டில் நிமிர்ந்திருந்த ஒரு மேடு, இதில் தலைகீழாகக் கிடந்தது.

"இதயம் கெட்டிருக்கும்னு பயமா இருக்கு. காத்தை நிறுத்திடலாம்," என்றார்.

அடுத்தது என் முறை. எனக்கு ஊசியே வேண்டாம் என்று அழுதேன். நீங்கள் அழவில்லை.

"நிறுத்தினா இருமல் திரும்புமா, டாக்டர்?"

"திரும்பும்மா."

"அப்ப நெஞ்சு நெசமாவே கெட்டிருக்கான்னு பாத்துட்டு நிறுத்துங்க."

டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். காற்று இதயத்தையும் மேலே தள்ளிச் சாய்த்திருக்கலாம். அப்படியானால் காற்று இறங்கியதும் கோடு நிமிர வேண்டும் என்றார். படத்தாள் கொஞ்சம்தான் மிச்சம். சண்டை முடியும்வரை வேறு வராது. ஆனாலும் உங்களுக்கு ஒன்று ஒதுக்கினார்.

காற்று தானாக இறங்கக் காத்திருந்தபோது இருமல் திரும்பியது. துணியில் ரத்தம். பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"பயந்தான். என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு பயப்படுறேனே," என்றீர்கள்.

படம் வந்தது. மேடு நிமிர்ந்திருந்தது. "இதயம் நல்லாத்தான் இருக்கு. இடந்தான் மாறியிருந்துச்சு," என்றார் டாக்டர். அன்றே மறுபடி காற்றேற்றிக்கொண்டு வந்து, "இப்ப நீ போ," என்றீர்கள். போனேன்.

சண்டை முடிந்ததும் இருவரும் வீடு திரும்பினோம். நீங்கள் பேரப்பிள்ளைகளைக் கண்டு, போன வருடம் பகாவ் ஊரில் கண்மூடினீர்கள்.

உங்கள் பிடிவாதம் மட்டும் என்னிடம் இருக்கிறது. என் மகளுக்குப் படிப்பு வராது என்று பள்ளியில் கைவிரித்தபோது, "இன்னொரு தடவை பாருங்க" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவள் படித்தாள், அக்கா.