அரிவாளால் குத்தியவன்

என் ரத்தமே, சுப்பையா அண்ணே,

நான் ஊருக்கு வந்துவிட்டேன். சண்டை முடிந்துவிட்டதாம். பஸ்ராவில் கப்பலேற்றி, பம்பாயில் இறக்கி, ரயிலில் அடைத்து அனுப்பினார்கள். அம்பாசமுத்திரம் ஸ்டேஷனில் இறங்கியதும், நீ வண்டி கட்டிக்கொண்டு வந்து நிற்பாய் என்று தேடினேன், பைத்தியக்காரன். மாமாதான் நின்றார். போன கார் பருவ நெல் நடவிலேயே உன்னை மடையில் வைத்து மேல்வயல்காரன் மாடசாமி வெட்டிப்போட்டான் என்று, நான் பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே சொல்லிவிட்டார்.

"ஏன் எனக்கு எழுதல?" என்று கத்தினேன். "எழுதினா கடலுக்கு அங்கன நின்னு என்னலே செய்வே?" என்றார்.

நம் முறைத் தண்ணீரை அவன் அடைத்தான். நீ மண்வெட்டியோடு போனாய், அவன் அரிவாளோடு நின்றான். கழுத்தில் ஒன்று, தோளில் ஒன்று. வாய்க்கால் தண்ணீர் கீழ்வயல் வரைக்கும் சிவந்து ஓடியதாம். அதைப் பார்த்த அத்தனை பேரும் கோர்ட்டில் ஏறி, பார்க்கவில்லை என்று சத்தியம் செய்துவிட்டார்கள். நாய்ப்பயல்கள்! மாடசாமி வெளியே வந்து மறுபடியும் நாற்று நடுகிறான், நம் வயலுக்கு மேல்வயலில்.

வெட்டுப்பட்டுச் செத்தவனுக்குப் பீடம் போட்டுப் படைப்பது நம் வழக்கம். உனக்கு இன்னும் போடவில்லை. கேட்டால் மாமா துள்ளுகிறார். "பழி தீராமப் பீடம் போட்டா அவன் படையலத் தொடுவானாலே? பட்டாளத்துல இத்தன வருசம் என்னத்தப் படிச்சே?" அரிவாளைச் சாணை பிடித்து என் கையில் கொடுத்தவரும் அவர்தான். அவர் கொடுக்காவிட்டாலும் நான் எடுத்திருப்பேன். தலையைக் கொண்டுவந்து உன் பீடத்தில் வைக்கணும் என்று எனக்கே வெறி.

மதினி வாசலை மறித்தாள். "நீரும் தூக்குல தொங்கினா இந்த வயல்ல எவன் எறங்குவான்? ஒம்ம அண்ணன் மக யார் மூஞ்சிய நம்பி நிக்கும்?" நான் அவளைத் தள்ளிக்கொண்டு போனேன். நீ இருந்தால் என்னை அறைந்திருப்பாய்.

வெயில் ஏறின நேரம். மாடசாமி வரப்பில் குனிந்து நின்றான். என்னைக் கண்டு நிமிர்ந்தான், ஓடவில்லை. "வாலே. இன்னைக்கோ நாளைக்கோன்னுதான் பாத்துக்கிட்டிருக்கேன்" என்றான்.

பாய்ந்தேன். இடது காலை முன்னே வைத்து, இரண்டு கையாலும் பிடியை இறுக்கி, நேரே நெஞ்சில் குத்தினேன். கேட்டாயா அண்ணே, குத்தினேன்! வளைந்த அரிவாளை எந்த மடையன் குத்துவான்? நம் ஊரில் பால் குடிக்கிற பிள்ளை கூட வீசும். வளைந்த இரும்பின் முதுகு அவன் மாரில் மோதியது. எலும்பு முறியும் சத்தம் கேட்டது. அவன் மல்லாந்து வாய்க்காலில் விழுந்தான். அரிவாள் என் கையை விட்டு எங்கேயோ தெறித்தது.

நானும் குதித்து அவன் கழுத்தைப் பிடித்தேன். அவன் ரத்தமும் தண்ணீருமாகக் கக்கிக்கொண்டு, "அருவாள எவம்லே குத்துவான்? வீசணும்லே!" என்கிறான். சாகப்போகிறவனுக்கு அந்த வாய்! தலையைத் தண்ணீருக்குள் அமுக்கினேன். கால்கள் சேற்றை உதைத்தன.

அங்கே, பாலைவனத்தில், துப்பாக்கி முனையில் கத்தியை மாட்டி வைக்கோல் மூட்டையைக் குத்த வைப்பார்கள். குத்து, திருகு, உருவு. பிறகு மனுசர்களைக் குத்தினோம். ஒருவன் என் வயதுக்காரன், குழிக்குள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். அவன் எனக்கு என்ன செய்தான்? நிறுத்தணும் என்று நினைக்கும் முன்பே குத்தித் திருகி உருவிவிட்டேன். மாடசாமியின் கழுத்து என் கைக்குள் துடித்தபோது அந்த முகம்தான் வந்தது. உன் முகத்தைத் தேடினேன் அண்ணே, வரவே இல்லை. உனக்காகக் கொல்லப் போனேன், கொல்கிற நேரத்தில் நீ எங்கே போனாய்? கை தன்பாட்டில் பட்டாளத்து வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்குப் பயம் வந்துவிட்டது. தலைமுடியைப் பிடித்து அவனைக் கரையில் இழுத்துப் போட்டேன். அவன் மூச்சு வாங்கி, கண் திறந்து, நான் யாரென்று தெரிந்துகொள்ளும்வரை காத்திருந்தேன். பிறகு, "இது எங்க அண்ணனுக்குலே" என்று ஒரே குத்து, வெறுங்கையால். மூக்கு உடைந்தது. அப்போது உன் முகம் எனக்கு நன்றாகவே தெரிந்தது.

வீட்டுக்கு நனைந்தபடி வந்தேன். "செத்தானா?" என்றாள் மதினி. இல்லை என்றேன். என் மார்பில் மாறி மாறி அடித்து அழுதாள். அவன் சாகவில்லையே என்று அழுதாளா, நான் கொலைகாரனாக வரவில்லை என்று அழுதாளா? எனக்குக் கேட்கத் துணிவில்லை. அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "மம்பட்டி அங்கன கெடக்கு, நாத்து காயுது" என்றாள்.

மாமா என்னோடு பேசுவதில்லை. ஊரில் பொட்டப்பயல் என்கிறார்கள். அடுத்த வாரம் ஒருதரம் பட்டாளத்துக்குப் போய், உடுப்பை ஒப்படைத்து, பேரை வெட்டிக்கொண்டு வரணும். "வெளிய போய் என்ன பிழைப்புச் செய்வே? இங்கேயே இரு" என்று ஹவில்தார் முன்பே கேட்டார். அப்போது பதில் தெரியவில்லை. இனி அங்கே இருந்தால் நான் மனுசனாக மிஞ்ச மாட்டேன் என்று சொல்லப்போகிறேன்.

திரும்பி வந்ததும் உனக்குப் பீடம் போடுவேன், யார் தடுத்தாலும். அவன் தலை அதில் இருக்காது. படையலைத் தொட மனமில்லை என்றால் கோபமாகவே இரு. என் கனவில் வந்து திட்டு, மதினியிடம் மட்டும் போகாதே. மாடசாமி மேல்வயலில் இருப்பான், நான் கீழ்வயலில் இருப்பேன், ஒரே மடை. அவனைக் கொல்ல மாட்டேன் அண்ணே. மன்னிக்கவும் மாட்டேன். அவன் சாகிற நாள்வரை, காலையில் அவன் தண்ணீர் திறக்க வரும்போதெல்லாம், உன் முகச்சாடையோடு நான் எதிரே நிற்பேன்.

உன் கூடப்பிறந்தவன்,
உன் வயலில் இறங்கிவிட்ட தம்பி,
இசக்கிமுத்து