ஆறுக்கு ஆறு

மார்ச் 9, ஞாயிறு

என் கட்டக்காரரே,

நீங்கள் போய் மூன்று வாரம் ஆகிவிட்டது. உங்களுக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. ஒரே வீட்டில் இருக்கிறவருக்கு எதற்குக் கடிதம் என்று இருந்துவிட்டேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன திங்கட்கிழமையிலிருந்து தையல் கடைக்குப் போகிறேன். மாஸ்டர் ஒன்றும் கேட்கவில்லை. பள்ளிக்கூடச் சட்டை நாற்பதை என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஒரு சட்டைக்கு ஏழு காஜா, பொத்தான் துளை. எடுத்து முடிக்கிறவரைக்கும் தலை நிமிர வேண்டாம், அந்த மட்டில் நல்லது.

மன்னிப்புக் கேட்கத்தான் எழுதுகிறேன். அன்றைக்கு அந்தக் கட்டத்தை என்னால் போட முடியவில்லை.

டிசம்பரில் நீங்கள் ஆரம்பித்தீர்களே, சனிக்கிழமைப் புதையல் வேட்டை, அது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று உங்களிடம் சரியாகச் சொல்லவே இல்லை. வெட்கமாக இருந்தது. நாற்பத்தாறு வயதுக்காரி கையில் பென்சிலோடு கடைத்தெருவில் கதவு கதவாகப் போனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஆனால் வெள்ளிக்கிழமையே எனக்குக் கை பரபரக்கும். கட்டத்தில் எண் நிரப்ப நீங்கள் சொல்லிக் கொடுத்த வழியை அடுப்படியில் நின்று முணுமுணுப்பேன். ஒன்றை மேல் வரிசையில் நடு வீட்டில் குடிவை. அடுத்த ஆளை மேலே ஒரு படி, வலது பக்கம் ஒரு படி அனுப்பு. கூரையைத் தாண்டினால் அதே பத்தியின் அடிக்கு வா. சுவரைத் தாண்டினால் அதே வரிசையின் இடது ஓரத்துக்கு வா. போகிற வீட்டில் ஏற்கெனவே ஆள் இருந்தால் சண்டை போடாமல் நேர் கீழே இறங்கு. நிரப்பிவிட்டுக் கூட்டினால் குறுக்கே, நெடுக்கே, மூலைக்கு மூலை எல்லாம் ஒரே தொகை வரும். முதல் தடவை மூன்றுக்கு மூன்றில் எல்லாப் பக்கமும் பதினைந்து வந்தபோது நான் சத்தம் போட்டுவிட்டேன், ஞாபகம் இருக்கிறதா? “உனக்குள்ள ஒரு கணக்கு வாத்தியார் இருக்காருடி”ன்னு சொன்னீர்கள். எனக்குப் படிப்பு வராது என்று பிறந்த வீட்டில் எல்லாரும் சொன்னது அன்றைக்குத்தான் பொய் என்று நினைத்தேன்.

மூன்றுக்கு மூன்று, அப்புறம் ஐந்துக்கு ஐந்து, அப்புறம் ஏழுக்கு ஏழு. மூலையில் வருகிற எண்தான் கதவு எண், அங்கே எனக்கென்று ஏதாவது கொடுத்து வைத்திருப்பீர்கள். ஒரு தடவை சாவி ரிப்பேர்க்காரரிடம் சீப்பு, இன்னொரு தடவை சலவைக் கடையில் ஊசிப் பெட்டி. வீடு வீடாகக் கரண்ட் மீட்டர் பார்க்கிறவருக்கு எந்தக் கதவும் தெரியாமல் இருக்குமா?

கடைசிச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். தொலைத்துவிட்டேன் என்று சொல்லக் கூடாது என்பதற்காக அப்படியே எழுதுகிறேன்:

“சித்தெறும்பே, இதுதான் கடைசிக் கட்டம், புதையலும் பெரிசு. ஆறுக்கு ஆறு. ஒன்றிலிருந்து முப்பத்தாறு வரை. நம் வழியிலேயே நட. எந்தப் பக்கம் கூட்டினாலும் நூற்றுப் பதினொன்று வர வேண்டும். வந்த பிறகு வலது கீழ் மூலையில் உள்ள எண்ணைப் பார்த்து அந்தக் கதவைத் தட்டு. வராமல் தட்டாதே. வராமல் வீட்டுக்கும் வராதே. போன் வேண்டாம், யாரையாவது கேட்பாய். நூலகப் படியில் உட்கார், அங்கே வெயில் படாது.”

ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன். மேலிருந்து கீழே எந்தப் பத்தியைக் கூட்டினாலும் நூற்றுப் பதினொன்று வந்தது. பக்கவாட்டில்தான் வரவில்லை. முதல் வரிசை நூற்றெட்டு, அடுத்தது நூற்றுப் பதினாலு, மறுபடி நூற்றெட்டு. மூன்று குறைகிறது, மூன்று கூடுகிறது. ஆறுக்கு நடு வீடு இரண்டு இருக்கிறதே, தப்பான நடுவில் ஆரம்பித்துவிட்டேன் என்று அடுத்ததிலிருந்து போட்டேன். அப்போதும் அப்படியே. பதினாலு தடவை போட்டேன். அழித்து அழித்துத் தாள் கிழிந்துவிட்டது. இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை என்று ஐந்து மணி ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்தால் வாசலில் உங்கள் அக்கா உட்கார்ந்திருக்கிறார். திடீரென்று நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், இரண்டரை மணிக்கு முடிந்துவிட்டது என்றார். அலமாரியில் என் போனில் பதினொரு அழைப்பு.

நான் கொஞ்சம் புத்தியுள்ளவளாக இருந்திருந்தால் பத்து மணிக்கே முடித்திருப்பேன். உங்கள் பக்கத்தில் இருந்திருப்பேன். அந்த மூன்று எங்கே போனது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள்.

உங்கள்
சித்தெறும்பு


மார்ச் 16, ஞாயிறு

என் கட்டக்காரரே,

இந்த வாரம் ஒன்று நடந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

பள்ளிக்கூடச் சட்டை வாங்கக் கணக்கு டீச்சர் கடைக்கு வந்தார். துணி கட்டுகிற நேரத்தில் துணிச்சலை வரவழைத்துக்கொண்டு அந்தத் தாளைக் காட்டினேன். எங்கே தப்பு என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“எங்கயும் தப்பே இல்லம்மா. அழகா போட்டிருக்கீங்க.”

“அப்புறம் ஏன் வரலை?”

“இந்த வழி ஒத்தைப்படைக்குத்தான் வரும். மூணு, அஞ்சு, ஏழு, ஒம்பது. ஆறுக்கு வேற வழி இருக்கு, அது கொஞ்சம் சுத்து வழி. இப்படி நடந்தா ஆயுசு பூரா போட்டாலும் மூணு குறையும், மூணு கூடும். யாரு உங்களுக்கு இதைக் கொடுத்தது?”

“எங்க வீட்டுக்காரர்.”

“தெரியாம கொடுத்திருப்பாரு பாவம்” என்று சிரித்தார். பணத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. நான் மக்கு இல்லை! மாஸ்டரிடம்கூடச் சொன்னேன். “காஜாவைக் கவனிம்மா, வாத்தியாரம்மா”ன்னு கிண்டல் பண்ணினார்.

அப்புறம் வழியில் நடக்கும்போது தோன்றியது. ஐந்து போட்ட வாரம், நாலு ஏன் போடவில்லை என்று நான் கேட்டேனே. “நாலு, ஆறு எல்லாம் அடங்காப்பிடாரி, நம்ம பேச்சைக் கேக்காது”ன்னு சொன்னீர்கள். நான் சிரித்துவிட்டு மறந்துவிட்டேன். நீங்களுமா மறந்தீர்கள்?

டீச்சர் சொன்னதுபோலத்தான் இருக்கும், மறந்துபோய்க் கொடுத்திருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டேன். அப்படியென்றால் அந்தப் பெரிய புதையல் எங்கேயாவது ஒரு கதவுக்குப் பின்னால் எனக்காகக் காத்துக்கொண்டிருக்கும் இல்லையா? முப்பத்தாறு கதவுதானே. நேற்றுச் சனிக்கிழமை. கடைக்குப் போகவில்லை. ஒன்றாம் எண்ணிலிருந்து ஆரம்பித்தேன்.

“எங்க வீட்டுக்காரர் என் பேர்ல ஏதாவது கொடுத்துட்டுப் போனாரா?”

சாவிக்காரர் பெட்டியையே கவிழ்த்துக் காட்டினார். “போன வருஷம் சீப்பு கொடுத்தாரும்மா, நீங்கதான் வாங்கிட்டுப் போயிட்டீங்களே.” சலவைக் கடைக்காரம்மா, “எட்டு வாரமா உன்னால எங்களுக்கும் பொழுது போச்சு. கடைசி வாரம்தான் மனுஷன் இந்தப் பக்கமே வரலை”ன்னாங்க. பதினேழாம் எண்ணில் ஒரு கிழவர் என்னைப் பிச்சைக்காரி என்று நினைத்துக் கதவைச் சாத்தினார். இருபத்தொன்பது பூட்டியிருந்தது, சாயங்காலம் மறுபடி போய்த் தட்டினேன்.

முப்பத்தாறு கதவு. ஒன்றிலும் ஒன்றும் இல்லை.

நீங்கள் எதையும் வைக்கவே இல்லை.

ஏன் என்று எனக்குப் புரியவில்லை. புரியாமல் இருப்பதே நல்லது என்றும் ஒரு பக்கம் தோன்றுகிறது.

உங்கள்
சித்தெறும்பு


மார்ச் 23, ஞாயிறு

உங்களுக்கு,

உங்கள் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து மீட்டர் நோட்டைக் கேட்டார். சைக்கிள் பையில் இருந்தது. கொடுப்பதற்கு முன்னால் உங்கள் கையெழுத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் இருந்தது.

சித்தெறும்பு. 3 என்றால் ஒன்றரை மணி நேரம். 5 என்றால் மூன்று மணி. 7 என்றால் ஐந்தரை மணி, சில நாள் ஆறு.

அதற்கு எதிரே, மருந்து ஏற்ற ஒரு மணி. மருந்து, ஸ்கேன், இரண்டரை மணி. மருந்து, ரத்தம், ஐந்து மணி.

கடைசி வரியில், ஆபரேஷன், நாள் முழுக்க. அதற்கு எதிரே, 6. வராது.

அந்தப் பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொண்டுதான் நோட்டைக் கொடுத்தேன். நேராக உங்கள் அக்கா வீட்டுக்குப் போனேன். துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணி, இது என்ன?”

வாங்கிப் பார்த்தார். மடித்த துணியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

“படுபாவி. இதை எரிச்சிருக்கணும் அவன்.”

“அதுதான் முதல்ல வருதா உங்களுக்கு? நெஞ்சு வலின்னு சொன்னீங்க.”

“வயித்துல கட்டி கண்ணு. டிசம்பர்லயே தெரியும். சத்தியம் வாங்கிட்டான்.”

“அதான் அன்னிக்கு அவர் மேல இருந்த துணியை விலக்கிப் பார்க்க விடலையா? சுத்தினபடியே கொண்டு போகச் சொன்னீங்களே.”

கலைந்த துணியை எடுத்து மறுபடி மடித்தார்.

“ஒவ்வொரு சனிக்கிழமையும் சாயங்காலம் எங்க வீட்டுக்கு வந்து என் கையால டீ வாங்கிக் குடிச்சீங்க. இன்னிக்கு என்னடி புதையல்னு கேட்டீங்க. சீப்பைக் காட்டினா நல்லாயிருக்குன்னீங்க. அவரைக் கொண்டுவந்து விட்டுட்டுத்தான் நின்னீங்களா?”

“என்னை என்ன பண்ணச் சொல்றே? ‘அவ கண்ணைப் பார்த்தா நான் அந்தக் கட்டில்ல படுக்க மாட்டேன்க்கா, எழுந்து வந்துடுவேன்’னான். பாதிக்குப் பாதின்னு டாக்டர் சொல்லிட்டாரு. பிழைச்சு வந்து நானே சிரிச்சுக்கிட்டே சொல்லிக்கிறேன்னான். கூடப் பிறந்தவன் பேச்சை எப்படித் தட்டறது? நான் தம்பி பக்கம் நின்னேன்.”

“நீங்க எல்லாரும் ஒரு பக்கம் நின்னா நான் எந்தப் பக்கம் நிக்கிறது அண்ணி?”

அழுதார். என் கையைப் பிடிக்க வந்தார். நான் கொடுக்கவில்லை. அன்றைக்கு என்னை எங்கே அனுப்பினார் என்றாவது தெரியுமா என்று கேட்டேன். தெரியாதாம். அதை அவரிடம்கூட நீங்கள் சொல்லவில்லையாம். உங்கள் நிலைமை மோசம் என்று தெரிந்ததும் ஒரு மணியிலிருந்து என் போனுக்கு அடித்துக்கொண்டே இருந்தாராம்.

இளைத்துப் போகிறீர்களே என்று நான் கேட்டபோதெல்லாம் வெயிலில் அலைகிறேன் என்றீர்கள். சட்டையைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன், இரண்டு தடவை. ஊர் மீட்டரை எல்லாம் அளந்தவர், என் மந்தத்தையும் அளந்து குறித்து வைத்திருக்கிறீர்கள். இவளுக்கு ஏழு கொடுத்தால் ஐந்தரை மணி தாங்கும் என்று. கட்டம் பெரிதாகப் பெரிதாக நான் என்ன நினைத்தேன் தெரியுமா? எனக்கு அறிவு வளர்கிறது என்று நினைத்தேன். உங்களுக்கு நோய் வளர்ந்திருக்கிறது.

உங்கள் மனைவி


மார்ச் 30, ஞாயிறு

உங்களுக்கு,

அக்கா இரண்டு தடவை வந்தார். கதவைத் திறந்தேன், உட்காரச் சொன்னேன், டீ கொடுக்கவில்லை. வேறு ஆளாக இருந்தால் வெளியே போ என்றிருப்பேன். நீங்கள் இல்லாத வீட்டில் உங்கள் முகஜாடையில் வருகிறவர் அவர் ஒருவர்தான். அதற்காகத்தான் திறந்தேன்.

எல்லாரும் ஒன்றையே சொல்கிறார்கள். உன் மேல் இருந்த பிரியத்தில் செய்தது. நீ அழக் கூடாது என்று செய்தது. மாஸ்டர்கூடச் சொல்கிறார். பிரியம் இல்லை என்று நான் சொன்னேனா? நூலகப் படியில் வெயில் படாது என்று எழுதின கைதான் வராது என்றும் எழுதியது. இரண்டும் ஒரே பேனா, ஒரே நீல மை. நான் எதை நம்பட்டும்?

பொய் சொன்னதைக்கூட மன்னித்துவிடுவேன். எனக்குக் கணக்கு வரும் என்று சொன்னீர்களே, என் வாழ்நாளில் என்னைப் பார்த்து ஒருவர் சொன்ன ஒரே பெரிய வார்த்தை அது. அதையே கயிறாக்கி என்னைக் கட்டிப் போட்டீர்கள். வராமல் வீட்டுக்கு வராதே என்று எழுதினால் இவள் வர மாட்டாள், உட்கார்ந்தே இருப்பாள் என்று உங்களுக்குத் தெரியும். என்னை அந்த அளவுக்குத் தெரிந்தவர் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். தெரிந்தவர்தான் அப்படிச் செய்ய முடியும்.

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அழுதிருப்பேன். ஆமாம், அழுதிருப்பேன். மூக்கைச் சிந்திக்கொண்டு ஊரைக் கூட்டியிருப்பேன். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு உங்கள் காலைப் பிடித்துவிட்டிருப்பேன். அது என் பங்கு. பத்தொன்பது வருஷம் உங்களோடு இருந்ததற்கு எனக்கு வர வேண்டிய பங்கு. அதை அக்காவுக்குக் கொடுத்துவிட்டு எனக்குப் பென்சிலைக் கொடுத்தீர்கள்.

நேற்று வந்தபோது அக்கா ஒன்று சொன்னார். சொல்லாமலே இருந்திருக்கலாம். உங்களை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது நீங்கள் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லையாம். தலையைத் திருப்பி, வராந்தா கடைசியில் இருக்கிற வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தீர்களாம். நர்ஸ் தலையை நேராக வைக்கச் சொல்லியும் திருப்பினீர்களாம். டாக்டர் வருகிறாரா என்று பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டாராம்.

நேற்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. காஜாவில் இரண்டு தடவை கையைக் குத்திக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் சொல்லுங்கள். அந்தக் கதவை எதற்குப் பார்த்தீர்கள், எப்படியாவது கண்டுபிடித்து நான் வந்துவிடுவேனோ என்று பயந்தா, இல்லை, எப்படியாவது கண்டுபிடித்து நான் வந்துவிட மாட்டேனா என்றா?