சந்தேகம் என்றால் இரண்டு மிதி

மார்ச் 3, செவ்வாய்

நாளை புவியியல் தேர்வு. ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. அம்மா தூங்கிவிட்டாள் என்று நினைக்கிறேன். இந்த நோட்டின் முன்பக்கம் கணக்கு, பின்பக்கம் நான்.

சாயங்காலம் ஆறு ஒயின் பாட்டில் வந்தன. பள்ளிப்பையைக் கழற்றுவதற்குள் அப்பா கூப்பிட்டுவிட்டார். அம்மா வேலை முடிந்து ஏழு மணிக்கு வருவாள், அதற்குள் முடிக்க வேண்டும். ஒவ்வொரு கோப்பையிலும் இரண்டு விரல் அளவு ஊற்றி, சுழற்றி, என் முன்னால் வைப்பார். நான் மோந்து பார்த்துச் சொல்வேன். உதட்டில் ஒரு சொட்டுப் படக்கூடாது, அது அவர் சட்டம்.

"அழகா சொல்லணும்னு இல்ல. என்ன தோணுதோ அதைச் சொல்லு."

முதல் கோப்பை: சீவின பென்சில். இரண்டாவது: கறுப்புத் திராட்சை, கொஞ்சம் செருப்புக்கடை. மூன்றாவது: மழையில் நனைந்த அட்டைப்பெட்டி. "தக்கை கெட்டுப்போச்சு" என்று அதைச் சாக்கடையில் ஊற்றினார்.

பத்து மாதமாயிற்று. ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் அப்பாவுக்குப் பின்னந்தலையில் அடி. தையல் ஆறிவிட்டது, வாசனை மட்டும் திரும்பி வரவில்லை. உப்பும் புளிப்பும் இனிப்பும் கசப்பும் தெரிகிறது, மற்றதெல்லாம் காகிதத்தைத் தின்கிற மாதிரி இருக்கிறது என்கிறார். பதினான்கு வருடமாக ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் எங்கே சாப்பிடலாம், எதோடு எதைக் குடிக்கலாம் என்று எழுதுகிறவர். ஆபீசில் அவருக்குப் பேரே நாக்கு சார்தான். நாக்கு சாருக்கு மூக்கு நான் என்பது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

தலை வலிக்கிறது. பேனா மூடியில்கூட ஒயின் வாசனை.

மார்ச் 6, வெள்ளி

தும்மல். தொண்டையில் முள். நாளை மதியம் ஒரு புது உணவகத்துக்குப் போகிறோம். அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 7, சனி

சொல்லவில்லை.

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போது பத்திரிகை ஆசிரியரிடமிருந்து போன். "சரிங்க, சரிங்க" என்று நின்றுகொண்டே பேசினார். வைத்துவிட்டு, "இந்த வாரம் சுமாரா எழுதினா என் இடத்துல சமையல் எண்ணெய் விளம்பரம் வந்துடும்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வது?

எட்டே மேசை. மனைவி சமைக்கிறாள், கணவர் பரிமாறுகிறார். அப்பா கை கழுவப் போயிருந்தபோது அவர் என்னிடம் குனிந்து, "பாப்பாவுக்கு ஜலதோஷமா? மூக்கு தக்காளி மாதிரி இருக்கு. சூப்புல மிளகு கொஞ்சம் தூக்கலாப் போட்டுக் கொண்டுவரேன்" என்றார். தலையை மட்டும் ஆட்டினேன்.

எங்கள் ஏற்பாடு இது. அப்பா கோப்பையை என் பக்கம் நகர்த்தி வைப்பார். நான் கைக்குட்டை எடுப்பது போலக் குனிந்து மோப்பேன். நன்றாக இருந்தால் மேசைக்கடியில் அவர் காலில் ஒரு மிதி. கெட்டிருந்தால் இரண்டு. சந்தேகம் என்றாலும் இரண்டு. "ஜனங்க மாசத்துல ஒரு நாள்தான் வெளியே சாப்பிட வராங்க. நம்மளால அந்த ஒரு நாள் பாழாகக் கூடாது" என்பார்.

ஒயின்: ஒன்றுமே வரவில்லை. வெறும் கண்ணாடியை மோந்த மாதிரி. இரண்டு மிதித்தேன்.

மீன் சூப். இரண்டு. இறைச்சி. இரண்டு. கடைசியில் வந்த ஆப்பிள் பணியாரத்துக்கும் இரண்டு. அப்பா கண்ணாலேயே "அவ்வளவு மோசமா?" என்று கேட்டார். நான் உப்புக் குப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்கூட்டரில் வரும்போது கேட்டார், "மீன் பழசா?" பின்னால் உட்கார்ந்து, "ம்" என்றேன். எதற்கு "ம்" என்றேன்? தெரியலைன்னு சொல்ல வாய் வரல. ஏன் வரல?

மார்ச் 15, ஞாயிறு

அப்பா எழுதினது வந்துவிட்டது. "புதுச் சுவர், புது நாற்காலி, பழைய மீன்." அப்புறம், "வீட்டு ஒயின் என்று ஊற்றுவதை அவர்கள் வீட்டோடேயே வைத்துக்கொள்ளலாம்."

அம்மா படித்துவிட்டுச் சிரித்தாள். ஆசிரியர் போனில் பாராட்டினாராம். நான் தட்டோடு எழுந்துவிட்டேன்.

மார்ச் 16, திங்கள்

வகுப்பில் ஒருத்தி அந்த வரியைச் சொல்லிக் காட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

மார்ச் 21, சனி

காலையில் சோப்பு வாசனை வந்தது. அப்புறம் மாடிப்படி, அப்புறம் பக்கத்து வீட்டு ரொட்டி. ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது. அதற்கப்புறம் இல்லை.

மார்ச் 24, செவ்வாய்

எழுத்து கோணுகிறது.

டியூஷனுக்குக் குறுக்கு வழியாகப் போனேன். அந்த உணவகம் இருக்கும் தெரு என்று தெரிந்துதான் போனேன். எட்டு மேசையிலும் ஆளில்லை. அன்று பரிமாறியவர் வாசலில் நின்றுகொண்டு, சுத்தமாக இருந்த மெனுப் பலகையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா, ஜலதோஷம் போச்சா?"

ஓடியிருக்கலாம். பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அன்னைக்கு உங்கப்பா குடிக்கறதுக்கு முன்னாடி நீதானே மோந்து பார்த்தே? சூப்பையும்தான். எங்க வேலையே மேசையைப் பாக்கறதுதான்மா. நான் யார்கிட்டயும் சொல்லல. எனக்குப் புரியணும், அவ்வளவுதான். மீன் அன்னைக்குக் காலையில நான் வாங்கினது. உனக்கு என்ன வாசனை வந்துச்சு?"

"ஒண்ணும் வரல" என்றேன்.

அவர் பலகையை மறுபடியும் துடைத்தார். திட்டியிருந்தால் தேவலை. "என் வீட்டுக்காரி ஒரு வாரமா அடுப்புப் பக்கமே போகல. தன் மூக்குதான் போச்சுன்னு நினைக்கறா. இந்த மாசம் பார்த்துட்டு மூடிடலாம்கறா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் சொன்னால் அப்பாவுக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் அவர்கள் கடை போகும். எங்கே போனாலும் நடுவில் என் மூக்கு.

மார்ச் 25, புதன்

முழுப் பூசணிக்காய், ஒரு பிடி சோறு. எத்தனை நாள் மறையும்?

மார்ச் 26, வியாழன்

சொல்லிவிட்டேன்.

அப்பா கோப்பைகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஜலதோஷம், மிதி, "ம்", அந்த மனிதர் கேட்டது, எல்லாவற்றையும் சுவரைப் பார்த்தபடி ஒப்பித்தேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என்னை அடித்ததே இல்லை, இருந்தாலும் நினைத்தேன்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"பயம்பா. போன் வந்துச்சு இல்ல."

கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அதில் ஒரு கறையும் இல்லை.

"உன் மூக்கு சிவந்திருந்ததை அந்த ஆள் பார்த்திருக்கான். ஒரே மேசையில எதிர்ல உக்காந்திருந்தேன், நான் பாக்கல."

கீழே போனார். ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தார், கிளப்பவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

அப்பாவின் பத்தி வரவில்லை. அந்த இடத்தில் நிஜமாகவே சமையல் எண்ணெய்.

அப்பா அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவருக்கு வாசனை போனது அம்மாவுக்கு முன்பே தெரியுமாம். "அடிபிடிச்ச பாலைக் குடிச்சுட்டுப் பிரமாதம்னாரே, அன்னைக்கே தெரியும். அவரா சொல்லட்டும்னு விட்டேன். பிள்ளையை இதுல இழுத்து விடுவார்னு கனவுலயும் நினைக்கல." அப்பாவோடு இரண்டு நாளாகப் பேச்சில்லை. நான் நடுவில் தபால்காரி.

ஏப்ரல் 5, ஞாயிறு

எட்டாம் பக்கத்தில், கீழே, அப்பாவின் ஆறு வரி. அந்த உணவகத்தைப் பற்றி எழுதியது தவறு. மீன் அன்றைக்கு வாங்கியது. எனக்குப் பத்து மாதத்துக்கும் மேலாக வாசனை தெரியாது, அதை மறைத்தேன், வாசகர்களும் அந்தச் சமையல்காரரும் மன்னிக்க வேண்டும்.

மூன்று தரம் படித்தேன். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஏப்ரல் 8, புதன்

அப்பாவை வரி விளம்பரங்களுக்குப் பிழை திருத்தப் போட்டிருக்கிறார்கள். "வாடகைக்கு வீடு, மூக்கு தேவையில்லை" என்றார். அம்மா சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள்.

ஏப்ரல் 18, சனி

மதியம் மூன்று பேரும் அந்த உணவகத்துக்குப் போனோம். எட்டு மேசை ஐந்தாகியிருக்கிறது. இரண்டில் ஆட்கள். அப்பா வாசலிலேயே நின்று பரிமாறுகிறவரிடம் என்னவோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. அவர் "உக்காருங்க" என்றார். தண்ணீர் வைக்கும்போதும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்பா வீட்டு ஒயின் கேட்டார். வந்ததும் கோப்பையை என்னிடமிருந்து தள்ளி, தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஒரு வாய் குடித்தார். "புளிப்பு சரியா இருக்கு. எனக்குத் தெரியறது அவ்வளவுதான்."

மீன் சூப் வந்தது. என் கிண்ணத்தில் மட்டும் மிளகு தூக்கல்.

"என்ன வாசனை வருது? சொல்லேன்" என்றார் அப்பா. மெதுவாக இல்லை. பக்கத்து மேசைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வெண்ணெய். எலுமிச்சைத் தோல். அப்புறம்... கடல்."

"நல்ல கடலா, கெட்ட கடலா?"

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"நல்ல கடல்பா."

கொஞ்ச நேரம் கழித்துக் கரண்டி மறுபடி சத்தம் போட ஆரம்பித்தது. நான் சாப்பிட்டேன். மேசைக்கடியில் என் கால் சும்மா கிடந்தது.